அது சேவல் இறகு இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை விளையாட்டுப் பக்கத்துல வில்வித்தை பத்தி முக்கால் பக்கத்துக்கு எழுதியிருந்தீங்க, பார்த்ததும் ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு, எங்க விளையாட்டுக்கு இவ்ளோ இடம் கிடைக்கிறதே அபூர்வம். ஆனா நடுவுல ஒரு வரி, அம்போட பின்பக்கம் ஒரு சேவல் இறகும் ரெண்டு கோழி இறகும் ஒட்டுவாங்கன்னு வந்திருக்கு. அது தப்புங்க. இங்கிலீஷ்ல காக் ஃபெதர், ஹென் ஃபெதர்னு சொல்றதை யாரோ அப்படியே தமிழ்ப்படுத்திட்டாங்க. அது எந்தப் பறவையோட இறகுன்னு சொல்ற பேரு இல்ல, அம்புல அந்த இறகு எந்தப் பக்கம் பார்த்து நிக்குதுன்னு சொல்ற பேரு.

ஒரு வார்த்தைக்கு இவ்ளோ பெரிய லெட்டரான்னு நினைக்காதீங்க. நான் பல வருஷமா பசங்களுக்கு வில்வித்தை சொல்லிக் குடுக்கிறேன். கட்டுரை வந்த ரெண்டாவது நாள், பன்னெண்டு வயசுப் பையன் ஒருத்தன் நிஜ சேவலோட வால் இறகை மூணு அம்புல ஒட்டி எடுத்துட்டு வந்துட்டான். ராத்திரி உக்காந்து ஒட்டியிருக்கான், விரல் நுனியில பசை காஞ்சு தோல் மாதிரி உரிஞ்சுட்டு இருந்துச்சு. இறகு கருப்பும் பச்சையுமா பளபளன்னு பார்க்க அழகுதான். ஆனா வால் இறகுக்குத் தண்டு மெல்லிசு, காத்தை எதிர்த்து விறைப்பா நிக்காது. அம்பை விட்டான், பத்து மீட்டர் தாண்டுறதுக்குள்ள பின்பக்கம் ஆடி ஆடி குறுக்கால திரும்பி தரையில விழுந்துச்சு. "சார், பேப்பர்லயே போட்டிருந்துச்சே"ன்னான். எனக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியல.

விஷயம் இதுதான். அம்போட அடியில நாணை மாட்டுறதுக்கு ஒரு வெட்டு இருக்கும், அதை நாக்னு சொல்றோம், தமிழ்ல குதைன்னு நல்ல பழைய சொல்லே இருக்கு. மூணு இறகை 120 டிகிரி இடைவெளியில சுத்தி ஒட்டுவாங்க. அதுல ஒண்ணு மட்டும் குதையோட வெட்டுக்கு நேர் குறுக்கா நிக்கும், அதுதான் காக் ஃபெதர், மீதி ரெண்டும் ஹென். ரீகர்வ் வில்லுல, அதாவது நுனி ரெண்டும் முன்பக்கமா வளைஞ்ச வில்லுல, அந்த ஒத்தை இறகு வில்லைப் பார்க்காம வெளிப்பக்கம் பார்த்து இருக்கணும், அப்பத்தான் அம்பு கிளம்பும்போது மத்த ரெண்டும் வில்லுல பலமா இடிக்காம வழுக்கிட்டுப் போகும். மாத்தி மாட்டினா அந்த இறகு நேரா வில்லுல போய் மோதும், அம்பு திசை மாறும், இறகும் கிழியும். அதனாலதான் அதை மட்டும் வேற கலர்ல வெக்கிறாங்க, ஒரு தடவை கண்ணை ஓட்டினாலே தெரிஞ்சுடும். இப்ப நிறைய பேரு அதை 'இண்டெக்ஸ் வேன்'னுதான் சொல்றாங்க, வேன்னா இறகுக்குப் பதிலா ஒட்டுற பிளாஸ்டிக் தகடு. கப்பி வெச்ச காம்பவுண்டு வில்லுல அம்பு உக்கார்ற ரெஸ்ட் அமைப்பு வேறங்கறதால அது மேல பார்த்தோ கீழ பார்த்தோ இருக்கும்.

இன்னொண்ணு, ஃப்ளெட்சிங்கிற சொல்லை வெறும் 'இறகு'ன்னு போட்டிருந்தீங்க. அதுவும் முழுசா சரியில்ல. ஃபிரெஞ்சுல ஃப்ளெஷ்னா அம்பு, அம்பு செய்யறவர் ஃப்ளெட்சர், அதுல இருந்து வந்ததுதான் இது. இறகு ஒட்டினாலும் பிளாஸ்டிக் வேன் ஒட்டினாலும் ஃப்ளெட்சிங்தான், பின்பக்கம் காத்தைப் பிடிச்சு அம்பை நேரா கொண்டு போற மொத்த அமைப்புக்கும் அதுதான் பேரு. கொஞ்சம் சாய்வா ஒட்டினா அம்பு சுழண்டுக்கிட்டே போகும், இன்னும் நேரா போகும். பெரிய ரீகர்வ் போட்டியில 70 மீட்டர் தள்ளி இருக்கிற 122 சென்டிமீட்டர் டார்கெட்ல, 12.2 சென்டிமீட்டர் வட்டத்துக்குள்ள அடிச்சாத்தான் பத்து பாயிண்ட், அந்தத் தூரத்துல இந்தச் சின்ன சாய்வு என்ன வேலை செய்யும்னு யோசிச்சுப் பாருங்க.

நிஜ இறகுன்னா பெரும்பாலும் வான்கோழியோடதோ கூஸ்ங்கிற பெரிய வாத்தோடதோதான், அதுவும் சிறகுல இருக்கிற பெரிய இறகு. ஒரு அம்புக்கு மூணுமே இடது சிறகுல இருந்தே எடுக்கணும், இல்ல மூணுமே வலது. ரெண்டு சிறகு இறகும் எதிரெதிரா வளைஞ்சிருக்கும், விரலால நீவிப் பார்த்தாலே தெரியும், கலந்து ஒட்டினா ஒண்ணு இந்தப் பக்கம் சுழட்டும் ஒண்ணு அந்தப் பக்கம் இழுக்கும். 1417-ல இங்கிலாந்து ராஜா ஐந்தாம் ஹென்றி, அம்பு செய்ய ஒவ்வொரு கூஸ் வாத்துல இருந்தும் ஆறு இறகு எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டாருன்னா இந்த இறகுக்கு எவ்ளோ மதிப்புன்னு பார்த்துக்குங்க. அதுக்கும் ரொம்ப முன்னாடி வாழ்ந்தவர் ஓட்ஸி, ஏறக்குறைய 5,300 வருஷத்துக்கு முந்தைய ஆளு, 1991-ல ஆல்ப்ஸ் மலைப் பனியில அவரோட உறைஞ்ச உடல் கிடைச்சுதே, அவரோட அம்பறாத்தூணியில 14 அம்பு இருந்துச்சு, அதுல ரெண்டுதான் முழுசா முடிஞ்சது. அந்த ரெண்டுலயும் மூணு மூணு இறகு, பிர்ச் மரத்துத் தார்ல ஒட்டி, மெல்லிசு நூலால சுத்திச் சுத்திக் கட்டியிருக்கு. அதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு தூக்கமே வரல, நாங்க இன்னிக்கும் அதே மூணைத்தானே ஒட்டிட்டு இருக்கோம்.

தமிழ்ல என்ன எழுதலாம்னு கேட்டீங்கன்னா, ஃப்ளெட்சிங்னே எழுதுங்க, எங்க பசங்க எல்லாருக்கும் புரியும். தமிழ்ல வேணும்னா இறகுக்கட்டுன்னு சொல்லலாம். காக் ஃபெதருக்கு 'குறி இறகு'ன்னு வெக்கலாம்னு எனக்குத் தோணுது, அடையாளத்துக்குத்தான் இருக்குங்கறது பேருலயே வந்துடும். வடமொழியில அம்போட இறகு கட்டின அடிப்பகுதிக்கு புங்கம்னு பேரு. புங்கானுபுங்கமா அம்பு மழை பொழிஞ்சான்னு கதை சொல்றவங்க சொல்வாங்களே, முன்னாடி போற அம்போட அடியை ஒட்டியே அடுத்த அம்பு போச்சுன்னு அர்த்தம், அந்தச் சொல்லுக்குள்ளயும் இந்த இறகுதான் இருக்கு. இப்படி நம்ம காதுக்குப் பழகின சொல்லுக்குள்ளயே இருக்கிறப்ப சேவலையும் கோழியையும் கூப்பிடணும்னு அவசியமே இல்ல.

அடுத்த ஞாயித்துக்கிழமை அதே பக்கத்துல ஒரு சின்ன திருத்தம் போட்டீங்கன்னா ரொம்ப உதவியா இருக்கும். அந்தப் பையன் மூணு அம்பையும் சுரண்டி, மூணுமே இடது சிறகு வான்கோழி இறகா பார்த்துப் பொறுக்கி, ஒண்ணை மட்டும் மஞ்சளா சாயம் போட்டு மறுபடி ஒட்டிட்டு இருக்கான். திருத்தம் வந்தா வெட்டி அவன்கிட்ட குடுக்கணும்.

இப்படிக்கு,
வில்வித்தைப் பயிற்சியாளர் ஒருவர்