முசிறி பாடத்தில் ஒரு பெட்டிச் செய்தி வேண்டும்

பள்ளி வரலாற்றுப் பாடநூல் எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். சேரநாட்டுப் பழைய துறைமுகமான முசிறி பற்றி நடத்தும்போது ரோம எழுத்தாளர் பிளினியின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இந்தியச் சரக்குக்காக ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) போகிறதே என்று குறைப்பட்டவர், அவ்வளவுதான். போன வாரம் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "அவர் என்ன வேலை பார்த்தார் சார்?" என்று கேட்டாள்.

ரோமின் மிசேனம் கடற்படைக்குத் தளபதி அவர். நேப்பிள்ஸ் வளைகுடாவின் வடமுனையில், அகஸ்டஸ் காலத்தில் அமைந்த தளம் அது. கி.மு. 31-இல் ஆக்டியம் கடற்போர் முடிந்தபின் மத்தியதரைக் கடலில் ரோமுக்கு எதிரி இல்லை. அதனால் கடற்கொள்ளையரைத் தடுப்பது, பேரரசரையும் அதிகாரிகளையும் ஏற்றிப்போவது, சேதி கொண்டுபோவது எனப் பெரும்பாலும் காவல் வேலைதான். ரோமில் கொலோசியத்தின் மேல் நிழல்பாய் இழுக்கவும் மாலுமிகளையே வைத்தார்கள். கயிறும் பாயும் அவர்களுக்குத்தானே கைவந்தவை!

கி.பி. 79-இல் அந்த வளைகுடாவை ஒட்டிய வெசூவியஸ் எரிமலை வெடித்தது. அதிலிருந்து எழுந்த மேகத்தை அருகில் போய்ப் பார்க்க ஒரு சிறு கப்பலை எடுக்கச் சொன்னார் பிளினி. கிளம்பும் நேரத்தில், மலையடிவாரத்தில் இருந்த ரெக்டினா என்ற பெண்ணிடமிருந்து காப்பாற்றச் சொல்லி ஓலை வந்தது. உடனே பெரிய போர்க்கப்பல்களை இறக்கி, மற்றவர்கள் தப்பி ஓடிவந்த திசையை நோக்கியே செலுத்தினார். கப்பல் மேல் சூடான சாம்பலும் கருகிய கல்லும் விழுந்தன. திரும்பிவிடலாம் என்றார் சுக்கான் பிடித்தவர். பிளினி கேட்கவில்லை. கரை அடைபட்டிருந்ததால் ஸ்டேபியே என்ற கடலோர ஊரில் இறங்கினார். மறுநாள் அங்கேயே இறந்தார். மிசேனத்தில் இருந்த அவருடைய சகோதரியின் 17 வயது மகன்தான் இதைப் பின்னாளில் எழுதிவைத்தவர்.

அப்புறம் துடுப்பு வலித்தவர்கள். சினிமா பார்த்த பிள்ளைகள் சங்கிலி பூட்டிய அடிமைகள் என்றே நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. எகிப்து, திரேஸ் போன்ற இடங்களிலிருந்து சம்பளத்துக்குச் சேர்ந்தவர்கள். 26 ஆண்டு உழைத்தால் ரோமக் குடியுரிமை கிடைக்கும், வெண்கலத் தகட்டில் பொறித்து. இரண்டாம் நூற்றாண்டில் சேர்ந்த அப்பியோன் என்ற எகிப்து இளைஞன் மிசேனத்திலிருந்து அப்பாவுக்கு எழுதிய கடிதம் பப்பைரஸ் என்ற நாணல் தாளில் அப்படியே கிடைத்திருக்கிறது. கடலில் ஆபத்து வந்தபோது சாமி காப்பாற்றினார், வழிச்செலவுக்கு மூன்று பொற்காசு தந்தார்கள், நீங்கள் நன்றாகப் படிக்கவைத்ததால் சீக்கிரம் மேலே வருவேன் என்கிறான். கூடவே தன் உருவப்படம் ஒன்றும் அனுப்புகிறான். ஊரைவிட்டுப் போன எந்தப் பிள்ளையின் கடிதமும் இப்படித்தான் இருக்கும். இதை வகுப்பில் வாசித்தபோது கடைசி பெஞ்சும் சத்தமில்லாமல் கேட்டது.

பிளினியின் அந்த ஒரு நாளையும் இந்தக் கடிதத்தையும் அடுத்த பதிப்பில் பெட்டிச் செய்தியாகச் சேருங்கள். அரைப் பக்கம் போதும்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்