முதல் புத்தகத்தோடு எங்களிடம் வருவதற்கு முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கல்யாணப் பத்திரிகை, தைப்பூசக் காவடி நோட்டீஸ், பதினாறாம் நாள் காரியத்துக்கு அட்டை என்று இத்தனை வருடமாக தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த்தில் உள்ள எங்கள் அச்சகத்துக்கு வந்துகொண்டிருந்தவர்களில் பலர் இப்போது புத்தகம் போட வேண்டும் என்று வருகிறீர்கள். தாத்தாவின் கதை, ஆயாவின் சமையல், கோயிலில் பாடும் பாட்டு, சொந்தக் கவிதை என்று எல்லாம் வருகிறது. எங்களுக்கு இதைவிடப் பிடித்த வேலை வேறு கிடையாது.

ஆனால் கையில் ஒரு பையோடு வந்து, “எல்லாம் இதில் இருக்கிறது, எவ்வளவு ஆகும்?” என்று கேட்கும்போது நாங்கள் விலை சொல்வதில்லை. “வீட்டில் ஒருமுறை அடுக்கிக்கொண்டு வாருங்கள்” என்று பையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். சிலருக்கு அதில் வருத்தம் என்று தெரியும். ஏன் அப்படிச் செய்கிறோம் என்று சொல்லவே இந்த மடல்.

சில மாதங்களுக்கு முன் ஒரு அக்கா வந்தார். பையில் அப்பா எழுதிய மூன்று நோட்டுகள், டர்பன் மாநகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பேரக்ஸ் காலத்துப் படங்கள், முன்னோர் இந்தியாவிலிருந்து வந்ததைப் பதிந்த கப்பல் பட்டியலின் ஒரு நகல், ஊறுகாய்க் கணக்கு எழுதிய ஒரு தாள்கூட இருந்தது. மேசையில் எல்லாவற்றையும் பரப்பினோம். அரை மணி நேரம் பார்த்துவிட்டு அவரே மூன்றில் இரண்டு பங்கை மீண்டும் பைக்குள் வைத்தார். “ஆயாவின் கதை மட்டும் போதும். பேரக்ஸிலிருந்து சாட்ஸ்வர்த்துக்கு வீடு மாறி வந்ததோடு நிறுத்திக்கொள்கிறேன்” என்றார். அந்த நிமிடத்தில்தான் அது புத்தகமானது. அதற்கு முன் பக்கக் கணக்கும் இல்லை, விலையும் இல்லை. முதல் புத்தகத்தில் குடும்பத்தின் நூற்றறுபது வருடத்தையும் அடக்கப் பார்க்காதீர்கள். எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று ஒரு தாளில் எழுதி, அத்தியாயங்களை வரிசையாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். அந்த ஒரு தாள் இருந்தால் நாங்கள் அன்றைக்கே விலை சொல்லிவிடுவோம்.

அடுத்தது பெயர்கள். இங்கேதான் அதிக நேரம் போகிறது. 1860 நவம்பரில் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு முதல் கப்பலான ட்ரூரோ டர்பனுக்கு வந்த நாளிலிருந்து, நம் பெயர்களை ஆங்கிலக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். கவுண்டர் என்பது கோவெண்டர் ஆனது, முதலி மூட்லி ஆனது, படையாட்சி படயாச்சீ ஆனது. இப்போது தமிழில் எழுதும்போது எதைப் போடுவது? அடையாள அட்டையில் உள்ளபடியா, ஊரில் சொன்னபடியா? இரண்டும் சரிதான். ஆனால் மூன்றாம் பக்கத்தில் ஒரு விதமும் முப்பதாம் பக்கத்தில் இன்னொரு விதமும் இருந்தால், ஒரே மாமா இரண்டு பேராகிவிடுவார். பெயர் முதலில் வரும் இடத்தில் இரண்டு வடிவத்தையும் கொடுத்துவிட்டு, பிறகு ஒன்றையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள் என்பது எங்கள் யோசனை.

ஊர்ப் பெயரும் அப்படித்தான். கப்பல் பட்டியலில் வந்தவரின் எண், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் இருக்கும். “வட ஆற்காடு” என்று கண்டதும் தமிழ்நாடு என்று எழுதிவிடாதீர்கள். சித்தூர் 1911இல் தனி ஜில்லாவாகும்வரை அதன் பெரும்பகுதி வட ஆற்காட்டில்தான் இருந்தது. அந்தக் கிராமம் இன்றைக்கு ஆந்திராவில் இருக்கலாம். தாலுகாவின் பெயரையும் பாருங்கள்.

பழைய நோட்டுகளைத் தட்டச்சு செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வரும்வரை லை, ளை, ணை, னை நான்கும் யானைத் துதிக்கைபோல் மேலே வளைந்த வடிவத்தில் இருந்தன. ணா, றா, னா மூன்றும் வேறு மாதிரி சுழிந்திருக்கும். தெரியாமல் படித்தால் சொல்லே மாறிவிடும். சந்தேகம் வரும் பக்கத்தை எங்களிடம் காட்டுங்கள், சேர்ந்து படிப்போம்.

தட்டச்சை யூனிகோடில் செய்யுங்கள். பழைய பாமினி எழுத்துருவில் இருந்தாலும் கொண்டுவரலாம், மாற்றிக்கொள்ள முடியும், ஆனால் மாற்றிய பிறகு ஒருமுறை படித்தே ஆக வேண்டும். இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஒரு கோயில் மலரை அச்சிட்டபோது பக்கம் கட்டும் மென்பொருளில் தமிழுக்கான அமைப்பைப் போட மறந்துவிட்டோம். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்துகள் சிதறிப் போயின. திரையில் கடைசியாகப் பார்த்தது தமிழ் படிக்கத் தெரியாத ஒருவர். இருநூறு பிரதியையும் எங்கள் செலவில் திரும்ப அச்சிட்டோம். அன்றிலிருந்து தமிழ் படிப்பவர் பார்க்காமல் ஒரு பக்கமும் இயந்திரத்துக்குப் போவதில்லை. இந்த மண்ணில் தமிழ் அச்சு ஒருநாளும் சுலபமாக இருந்ததில்லை. 1903இல் டர்பனில் நான்கு மொழிகளில் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பினியன்’ பத்திரிகையே, ஆள் கிடைக்காமல் 1906இல் தமிழ்ப் பகுதியை நிறுத்த வேண்டி வந்தது. ஆகவே உங்கள் புத்தகத்தில் தமிழ் ஒழுங்காக வர வேண்டும் என்பதில் எங்களுக்குத் தனி அக்கறை உண்டு.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம், அது படத்தைச் சுருக்கிவிடும். அசல் படத்தையே கொண்டுவாருங்கள். உங்கள் கண்முன்னே 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து கையோடு திருப்பிக் கொடுத்துவிடுவோம். படத்தின் பின்பக்கத்தில் பெயர் எழுதியிருந்தால் அதையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

மற்றவை சுருக்கமாக. புத்தகத்துக்குரிய சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னைப் பிரிட்டோரியாவில் உள்ள தேசிய நூலகம் இலவசமாகவே தருகிறது. அதற்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். அச்சுப் புத்தகத்துக்கும் மின்நூலுக்கும் வெவ்வேறு எண் வேண்டும். பதிப்புரிமை நீங்கள் எழுதியதுமே உங்களுடையது, எங்கேயும் பதிய வேண்டியதில்லை. ஆனால் சினிமாப் பாட்டு வரிகளைச் சேர்ப்பதென்றால் உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி நூலகங்களுக்கு அனுப்ப ஐந்து பிரதிகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மெய்ப்பு. எழுதியவர் தனியாக உட்கார்ந்து பிழை பார்த்தால் பாதி தப்பிவிடும். எழுதியது மனப்பாடமாக இருப்பதால் கண் தாண்டிப் போய்விடும். ஒருவர் கையெழுத்துப் பிரதியைச் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் அச்சுத்தாளில் விரல் வைத்துத் தொடரட்டும். அந்த அக்கா தன் மகளோடு இப்படி இரண்டு சனிக்கிழமை படித்தார். ஆயா டர்பனுக்கு வந்த வருடமே ஓரிடத்தில் தவறாக இருந்ததை மகள்தான் கண்டுபிடித்தாள்.

முதல் அச்சுக்கு நூறு பிரதி போதும் என்பது எங்கள் எண்ணம். ஐந்நூறு போட்டால் ஒரு பிரதியின் விலை குறையும் என்பது உண்மைதான், ஆனால் விற்காத நானூறு உங்கள் வீட்டுக் கராஜில் ஈரம் குடித்துக்கொண்டு கிடக்கும். தேவைப்பட்டால் மறுபடி அச்சிட உங்கள் கோப்பு எங்களிடம் பத்திரமாக இருக்கும்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி முதல் பன்னிரண்டு வரை பெரிய மேசையைப் புத்தகக்காரர்களுக்கென்றே காலியாக வைத்திருக்கிறோம். அந்த ஒரு தாளோடு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் அச்சகத்தார்
சாட்ஸ்வர்த், டர்பன்