கடைசி நாள் போனஸை முதல் நாளே பேசுவோம்

மிஸ்டரி ஷாப்பிங் நிறுவனங்களை நடத்துபவர்களுக்கும், வேலையைப் பிரித்துக் கொடுக்கும் ஷெட்யூலர்களுக்கும், ரிப்போர்ட்டைச் சரிபார்க்கும் எடிட்டர்களுக்கும்,

வணக்கம்.

சாதாரண வாடிக்கையாளரைப் போல உங்களுக்காகக் கடை ஏறி இறங்கி, அங்கே கிடைக்கும் சேவையை ரகசியமாகக் கவனித்து ரிப்போர்ட் எழுதுபவர்களில் நானும் ஒருவர். எந்த நிறுவனத்தின் பெயரையும், எந்தக் கடையின் பெயரையும் இங்கே சொல்லப் போவதில்லை. ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அந்த வாக்கை மதிக்கிறேன். நான் பேச வந்தது கூலியைப் பற்றி.

ஒரு மாலை வேலையைச் சொல்கிறேன். கல்லா வரிசையில் ஆறாவது ஆளாக நிற்கிறேன். ஃபோனில் எதையோ படிப்பது போல ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வரிசையில் சேர்ந்ததிலிருந்து முதல் வணக்கம் வரை எத்தனை நொடி ஆனது என்று ரிப்போர்ட்டில் கேள்வி உண்டு. கல்லாவில் இருந்த பெண்ணின் பெயர்ப் பட்டை காலருக்குள் பாதி மறைந்திருந்தது. பெயர் இல்லாமல் ரிப்போர்ட் போகாது. பையில் பொருளைச் சரிசெய்வது போல இரண்டு முறை குனிந்து நிமிர்ந்துதான் அதைப் படிக்க முடிந்தது. வெளியே வந்ததும், மறப்பதற்குள் பெயர், உயரம், முடி, மூக்குக்கண்ணாடி, அவர் சொன்ன வாக்கியம் எல்லாவற்றையும் குரல் பதிவாகப் போட்டு வைத்தேன்.

அறிவிப்பில் இந்த வேலைக்குப் போட்டிருந்தது 'கடையில் 20 நிமிடம்'. அந்த 20 நிமிடம் உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் 14 பக்க வழிகாட்டியைப் படித்து, அதில் வைத்த சின்னத் தேர்வில் தேற வேண்டியிருந்தது. அப்புறம் போக வர நேரம். வீட்டுக்கு வந்து 62 கேள்விகள். 'இல்லை' என்று பதில் சொன்ன ஒவ்வொரு இடத்திலும் ஏன் என்று ஒரு பத்தி. பில்லைப் படம் எடுத்து ஏற்றுவது, மறுநாள் எடிட்டர் கேட்ட இரண்டு சந்தேகங்களுக்குப் பதில் எழுதுவது. கணக்குப் பார்த்தேன்: மொத்தம் 3 மணி 10 நிமிடம். அறிவிப்பில் இருந்த கூலி அந்த 20 நிமிடத்துக்கு மட்டும் என்றால் தாராளம். முழு வேலைக்கும் என்றால் பயணச் செலவு போகக் கையில் நின்றது மிகச் சொற்பம். வாங்கிய பொருளுக்கான பணத்தைத் திருப்பித் தருவதையும் சேர்த்து ஒரே தொகையாகக் காட்டுகிறீர்கள். அது கூலி ஆகாது. நான் முன்பணமாகப் போட்ட என் காசு, ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து என்னிடமே திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

கொஞ்சம் அதிகம் கேட்டால் "பட்ஜெட் இல்லை" என்று பதில் வரும். சரி என்று விட்டுவிடுவேன். மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது, யாரும் எடுக்காத அதே வேலை ஒன்றரை மடங்கு தொகையோடு என் மின்னஞ்சலுக்கு வரும். முதல் நாளே ஒப்புக்கொண்டு, குறித்த நேரத்தில் முடித்துக் கொடுத்தவருக்குக் குறைந்த கூலி. கடைசி வரை காத்திருந்தவருக்கு அதிகக் கூலி. நம்பி வருபவரை இப்படி நடத்தினால், அடுத்த மாதம் அவரும் காத்திருக்கத்தானே செய்வார்?

எங்களைத் தனி ஒப்பந்தக்காரர்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஊழியருக்கு உள்ள விடுப்போ மற்ற சலுகையோ எங்களுக்கு இல்லை, வரியையும் நாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். இருக்கட்டும். ஆனால் தனி ஒப்பந்தக்காரர் என்றால் தன் வேலைக்கு விலை சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு. "இந்தத் தொலைவுக்கு இந்தத் தொகை தந்தால் வருகிறேன்" என்று ஒருவர் எழுதினால் அது திமிர் இல்லை, தொழில் பேச்சு. முடியாது என்றால் முடியாது என்று ஒரு வரி போடுங்கள். பதிலே வராமல், அடுத்த மாதம் அழைப்புகளும் நின்று போவதுதான் வலிக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு முறை பில்லில் இருந்த 7:12 என்ற நேரத்தை ரிப்போர்ட்டில் 7:21 என்று தட்டிவிட்டேன். என் தவறுதான். பில்லின் படம் அதே ரிப்போர்ட்டில் இணைந்திருந்தது, ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் திருத்தியிருப்பேன். 11 நாள் கழித்து, 'நிராகரிக்கப்பட்டது' என்ற ஒற்றைச் சொல் வந்தது. கூலியும் இல்லை, பொருளுக்குப் போட்ட பணமும் இல்லை. மேல்முறையீடு செய்ய ஒரு முகவரிகூட அதில் இல்லை.

எங்கள் ரிப்போர்ட்டை வைத்துத்தான் கல்லாவில் நிற்பவரின் ஊக்கத்தொகையைப் பல நிறுவனங்கள் முடிவு செய்கின்றன. அந்தக் காலருக்குள் பெயர் மறைந்திருந்த பெண் எனக்குப் பின்னால் நின்ற முதியவருக்காக எழுந்து வந்து பையைத் தூக்கிக் கொடுத்தார். அதை எழுதும் பெட்டி படிவத்தில் இல்லை, பொதுக் குறிப்பில் நேரம் எடுத்து எழுதினேன். கூலி கட்டுபடியாகாமல் ஒரே மாலையில் ஐந்து கடை ஓடுபவரால் இதையெல்லாம் பார்க்க முடியாது. யாருடைய சம்பளத்தில் அது கைவைக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

1998-இல் தொடங்கிய எம்எஸ்பிஏ என்ற உங்கள் தொழில் கூட்டமைப்பு இந்தத் துறைக்கு நடத்தை விதிகள் வைத்திருக்கிறது. வேலை தர ஷாப்பரிடம் பணம் வாங்கும் கூட்டத்திடமிருந்தும், போலி காசோலை அனுப்பி ஏமாற்றும் கூட்டத்திடமிருந்தும் நேர்மையான நிறுவனங்களைப் பிரித்துப் பார்க்க நாங்கள் கற்றுக்கொண்டோம். அந்த நேர்மையைக் கூலியிலும் காட்டுங்கள். அறிவிப்பிலேயே மொத்த நேரத்தையும், கூலியைத் தனியாகவும், பொருள் செலவைத் தனியாகவும், பணம் வரும் தேதியையும் போடுங்கள். நிராகரிக்கும் முன் ஒரு முறை கேளுங்கள். கடையில் வேலை முழுதாக முடிந்து, சின்னப் பிழைதான் காரணம் என்றால் பொருளுக்குப் போட்ட பணத்தையாவது கொடுத்துவிடுங்கள்.

அடுத்த மாதப் பட்டியல் வந்ததும் என் தொகையையும் அதற்கான கணக்கையும் எழுதி அனுப்புவேன். இந்த முறை பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு மிஸ்டரி ஷாப்பர்