பெயின்ட் பூசினா குளிர் போயிடுமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

இப்ப நம்ம மலைநாட்டு டவுன் கடைகள்ல வெப்பம் தடுக்கிற பெயின்ட்னு ஒண்ணு விக்கிறாங்க, கூரைக்கும் சுவருக்கும் ரெண்டு கோட் அடிச்சா ராத்திரி குளிர் உள்ள வராது, ஹீட்டரே தேவையில்ல, கரண்ட் பில் பாதியா குறையும்னு சொல்லித்தான் தள்ளிவிடுறாங்க. 2022 ஆகஸ்ட்ல 75 வீதம், 2023 பெப்ரவரியில 66 வீதம்னு கட்டணம் ஏறினத பாத்த சனம், பில் குறையும்னு யாரு சொன்னாலும் நின்னு கேக்கத்தான் செய்யும்.

ஆனா அந்த பெயின்ட்டோட வேலையே வேற. வெயில்ல வர்ற சூட்ட திருப்பி அனுப்புறதுதான் அது செய்யிறது. கொழும்புலயோ யாழ்ப்பாணத்துலயோ தகரக் கூரைக்கு வெள்ளையா அடிச்சா பகல்ல வித்தியாசம் நல்லாவே தெரியும், அத நான் மறுக்கல. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்துல இருக்கு, வருஷ சராசரியே 16 பாகைக்குக் கிட்டத்தான். இங்க கிடைக்கிற கொஞ்ச வெயிலயும் திருப்பி அனுப்பிட்டு ராத்திரிக்கு என்னத்த போத்திக்கிறது?

உள்ள இருக்கிற சூடு வெளிய போகாம இருக்கணும்னா தடிப்பு வேணும். ரெண்டு கோட் பெயின்ட் காஞ்சா ஒரு மில்லிமீட்டர்கூட வராது, அதுக்குள்ள செராமிக் மணி எவ்வளவு கலந்தாலும் சரி. ரிஜிஃபோம்னு சொல்ற வெள்ளை நுரைப் பலகை ஒரு அங்குலம்னா 25 மில்லிமீட்டர், உள்ள முழுக்க அடைபட்ட காத்து, அதுதான் சூட்ட வெளிய விடாது. குளிருக்கு கம்பளி போத்தாம பவுடர் பூசிக்கிற கதைதான் இது. அமெரிக்காவுல இப்படி பெயின்ட்டுக்கு பொய்க் கணக்கு சொல்லி வித்த நாலு கம்பனி மேல 2020ல அங்க வியாபார ஏமாத்துகள கவனிக்கிற அரசு அமைப்பான ஃபெடரல் ட்ரேட் கமிஷன் வழக்கே போட்டுச்சு.

இன்னொண்ணு, இத கடைக்காரர் யாரும் சொல்றதில்ல. பளபளன்னு இருக்கிற புது தகரம் ராத்திரியில தன் சூட்ட வானத்துக்கு அவ்வளவு சீக்கிரம் விடாது, அதுமேல சாதாரண பெயின்டோ வெள்ளை பெயின்டோ எது அடிச்சாலும் சூட்ட வேகமா விட ஆரம்பிச்சிடும். ஜனவரி பெப்ரவரியில மேகமே இல்லாம, தேயிலைய கருக்கிற பனி விழுற ராத்திரி இருக்கே, அன்னைக்கு தகரம் வெளிக்காத்த விட குளிர்ந்துபோயி அடிப்பக்கம் வேர்த்து படுக்கையில சொட்டும். துருப்பிடிச்ச பழைய தகரம்னா துருவ நிறுத்துறதுக்காக அடிங்க, தப்பில்ல, குளிருக்குன்னு அடிக்காதீங்க. அஸ்பெஸ்டஸ் சீட்டுன்னா பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு சுரண்டாதீங்க, அந்த தூசி நெஞ்சுக்கு ஆகாது.

அந்தக் காசுக்கு படுக்கிற காம்பராவுக்கு மட்டுமாவது ஒரு சீலிங் அடிச்சு, மேல ரிஜிஃபோமோ கண்ணாடிக் கம்பளியோ போட்டு, கதவு இடுக்கையும் சுவர் தகரத்த தொடுற இடத்து ஓட்டையையும் அடைச்சா வித்தியாசம் அன்னைக்கு ராத்திரியே தெரியும். விறகு அடுப்பு இருக்கிற பக்கம் மட்டும் ரிஜிஃபோம் வேணாம், தீ பிடிக்கும், புகை போற வழியையும் அடைச்சிடாதீங்க. தோட்டத்து வரிசை வீடான லயத்துல இருக்கிறவங்க சீலிங் அடிக்கிறதுக்கும் தோட்ட நிர்வாகத்துக்கிட்ட கேக்கணும், அந்தக் கதைய எழுதினா இன்னொரு கடிதம் ஆயிடும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இந்த வாளிகள்ல எழுதியிருக்கிற குளிர் கணக்குக்கு பரிசோதனை ரிப்போட் கேக்கணும். உங்க பத்திரிகையும் இந்த மாதிரி விளம்பரம் எடுக்கிறதுக்கு முன்னாடி அதே ரிப்போட்ட கேட்டா நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தலவாக்கலை