போத்தலில் ‘திராட்சை ரசம்’ என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நத்தார் சிறப்பிதழில் வீட்டில் வைன் செய்யும் முறை வந்திருந்தது. செய்முறையில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. அழகான போத்தலில் ஊற்றி உறவினருக்குப் பரிசாகக் கொடுக்கலாம் என்று கட்டுரை முடிகிறது. அந்தப் போத்தலில் என்ன எழுதி ஒட்டுவது என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதற்காகவே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் 11 வருடம் அச்சகமொன்றில் ஈய எழுத்துக் கோர்த்தவன் நான். கனடாவில் ஸ்காபறோவுக்கு வந்தபின், பக்கத்து வீட்டு இத்தாலியப் பெரியவரிடம் வைன் போடப் பழகினேன். ஒவ்வொரு ஒக்டோபரும் கலிபோர்னியாவிலிருந்து 36 இறாத்தல் பெட்டிகளில் வரும் சின்பன்டல் திராட்சையில் மூன்று பெட்டி வாங்குவேன். பிழிந்து புளித்து அடங்கியபின் 23 லீற்றர் கண்ணாடிக் குடுவை ஒன்று நிறையும். 750 மில்லிலீற்றர் போத்தலாக அது 30.

2014 நத்தாருக்கு அக்கா வீட்டுக்கு இரண்டு போத்தல் கொண்டுபோனேன். நானே எழுத்துத் தேர்ந்து, கொடி வரைந்து, ‘திராட்சை ரசம் 2013’ என்று அச்சடித்து ஒட்டியிருந்தேன். அந்தச் சொல்லை வேறெங்கிருந்தும் எடுக்கவில்லை. சிறுவயதில் பூசையில் கேட்டு வளர்ந்தது அப்பமும் திராட்சை ரசமும்தான். ஆனால் அக்காவுக்கு ரசம் என்றால் தோலகட்டி ஆச்சிரமத்து நெல்லி ரசம், தண்ணீர் கலந்து பிள்ளைகளுக்குக் கொடுப்பது. அடுத்த நாள் அவர் 7 வயதுப் பேரனுக்கு அரைக் கிளாஸ் ஊற்றித் தண்ணீரும் விட்டுக் கொடுத்துவிட்டார். கைக்கிறது என்று சொல்லிச் சொல்லியே பிள்ளை குடித்து முடித்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, கால் தள்ளாடியது. தொலைபேசியில் தாதியொருவரிடம் கேட்டு, இரவு முழுவதும் பக்கத்தில் இருந்து பார்த்தோம். காலையில் பசிக்கிறது என்று எழும்பினான். கடவுள் காத்தார். அக்கா என்னைத் திட்டவில்லை. “ரசம் எண்டுதானே தம்பி நீ எழுதியிருந்தாய்” என்று மட்டும் கேட்டார். எழுத்தையே தொழிலாக வைத்திருந்த எனக்கு அதற்குப் பதில் இருக்கவில்லை.

அன்றிலிருந்து என் லேபலில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில் இருப்பது ‘வைன்’. பழைய தமிழில் ‘தேறல்’ என்று நல்ல சொல் இருக்கிறது. தெளிந்த கள்ளைக் குறிப்பது. எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனாலும் அதை அடியில் சிறிதாகத்தான் போடுகிறேன். கண்ணாடி போடாமல் பார்க்கும் ஒரு ஆச்சிக்கும் இது மது என்று தெரியவேண்டும்.

அதன் கீழே மதுசாரத்தின் அளவு. இதை ஊகித்து எழுதக்கூடாது. புளிக்க வைக்கும் முன்னும் புளித்து அடங்கிய பின்னும், சாற்றின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் பாருங்கள். முதலில் 1.090, கடைசியில் 0.995 என்றால் வித்தியாசம் 0.095. அதை 131 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 12.5 சதவீதம். நீரிழிவுக்கு மருந்து எடுக்கும் ஒருவருக்கு அந்த எண் கட்டாயம் தேவை. பிறகு பழத்தின் பெயர், அறுவடை வருடம், போத்தலில் அடைத்த மாதம், ‘விற்பனைக்கு அல்ல’ என்ற வரி. கனடாவில் நமக்காக வீட்டில் செய்து குடிக்கலாம், விற்கமுடியாது.

இன்னும் இரண்டு விடயம், பலர் எழுதாமல் விடுவது. ஒன்று சல்பைற்று. வைன் கெடாமலிருக்க நாம் போடும் பொற்றாசியம் மெற்றாபைசல்பைற்று, ஆஸ்துமா உள்ள சிலருக்கு மூச்சிழுப்பைக் கொண்டுவரும். கடை வைனில் 10 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 10 பங்கு) அல்லது அதற்கு மேல் இருந்தால் லேபலில் சொல்லவேண்டும் என்பது இங்கே விதி. வீட்டு வைனுக்கு யாரும் வந்து கேட்கப்போவதில்லை, ஆனால் குடிப்பவரின் நெஞ்சு ஒன்றுதானே. மற்றது, கலங்கலைத் தெளியவைக்கப் போடும் பொருள். வைன் கிற் வாங்கிச் செய்பவர்கள் அதற்குள் வரும் சிறு பைகளை வாசித்துப் பாருங்கள். பென்ரனைற்று என்பது களிமண், அதில் பிரச்சினை இல்லை. ஐசின்கிளாஸ் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது. கைற்றோசான் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து வருவது. மச்சம் தொடாத ஒருவருக்கு இது தெரியாமல் போத்தலை நீட்டுவதை நான் பெரிய பிழையாக நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கும் நண்பர்கள் எனக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இனி அச்சடிப்பு. இங்கேதான் தமிழ் எழுத்து அடிபடுகிறது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கடைக்குக் கொண்டுபோனால், ‘தமிழ்’ என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ என்று ஆங்கில எழுத்தாகி, வாலில் ஓர் அரைப்புள்ளியோடு வரும். யூனிகோட்டில் தட்டினாலும், சில லேபல் மென்பொருள்களில் கொம்பும் (ெ) அரவும் (ா) எழுத்தைவிட்டுக் கழன்று நிற்கும். ஈய எழுத்தில் ‘கொ’ கோர்க்க நாங்கள் கொம்பை வைத்து, ககரத்தை வைத்து, அரவை வைப்போம். கண் பார்க்கும் ஒழுங்கு அது. கணினி ககரத்தை முதலில் வைத்துக்கொண்டு கொம்பைப் பின்னால் தேடுகிறது. தெரியாத மென்பொருள் அங்கே தடுமாறிவிடும். ஆகவே வீட்டிலேயே எழுத்துருவை உள்ளடக்கி பிடிஎஃப் ஆக்கிக்கொண்டு போங்கள். படமாக்குவதென்றால் அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையக்கூடாது.

வீட்டிலுள்ள இங்க்ஜெற் வேண்டாம். குளிரிலிருந்து எடுத்த போத்தல் வேர்க்கும்போது மை கரைந்து வழியும். லேசரில் அடியுங்கள், அது சூட்டில் உருகிக் கடதாசியில் பிடிக்கும் பிளாஸ்ரிக் தூள், நீரில் கரையாது. எட்டரைக்குப் பதினொரு அங்குலத் தாளில் மூன்றேகாலுக்கு நாலு அளவில் ஆறு லேபல் வரும். முப்பது போத்தலுக்கு ஐந்து தாள் போதும். போத்தலைச் சுழற்றாமலே முழுவதையும் வாசிக்கலாம்.

பசைத்தாளும் தேவையில்லை. சாதாரணத் தாளின் பின்புறம் பாலை மெல்லிசாகத் தடவி ஒட்டி, துணியால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். இத்தாலியப் பெரியவர் இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. பாலிலுள்ள கேசின் என்ற புரதம்தான் பசை. பியர் தொழிற்சாலைகளும் கேசின் பசை பயன்படுத்தியவைதான். காய்ந்தால் மணம் இராது, அடுத்த வருடம் வெந்நீரில் ஊறவைத்தால் தானாகக் கழன்று வரும். கடைப் போத்தலின் பழைய லேபலை மட்டும் சலவைச் சோடா கலந்த வெந்நீரில் இரவு முழுவதும் ஊறவைத்துச் சுரண்டி எடுங்கள். வேறொருவருடைய பெயரும் வேறொரு சதவீதமும் உள்ள போத்தலில் நம்முடைய வைனை ஊற்றிக் கொடுக்கவே கூடாது.

அடுத்த நத்தாருக்கு அந்தச் செய்முறையைத் திரும்பப் போடுவதானால், அடியில் நாலு விரல் இடம் ஒதுக்கித் தாருங்கள். எழுத்து உடையாத பிடிஎஃப் மாதிரி ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். பழம், வருடம், சதவீதம் மூன்றையும் வெற்றாக விட்டிருக்கிறேன். வாசகர்கள் பேனையால் நிரப்பிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர் ஒருவர்,
ஸ்காபறோ