வடகடல் எப்போதும் குளம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த தனுஷ்கோடி பயணக் கட்டுரையைப் படித்தேன். அரிச்சல்முனையில் வங்காள விரிகுடாவும் இந்தியப் பெருங்கடலும் கலக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். என் வேனில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் இதையேதான் சொல்வார்கள். அங்கே வடக்கே இருப்பது பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இன்னோர் இடத்தில் அதே வடக்குப் பக்கத்தைப் பாக் நீரிணை என்றும் போட்டிருந்தது. நீரிணை இன்னும் மேலே, கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவில் இருக்கும் வாசல். வாசலுக்கு உள்ளே கிடப்பதுதான் விரிகுடா.

சரி, பெயர்தானே என்று விட்டிருப்பேன். ஆனால் ‘வடக்குப் பக்கம் எப்போதும் குளம்போல இருக்கும், தாராளமாகக் குளிக்கலாம்’ என்றும் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பக்கம் வடகடலைப் பெண் கடல், தென்கடலை ஆண் கடல் என்போம். பாக் விரிகுடாவின் ஆழம் பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான். தெற்கிலிருந்து வரும் பெரிய அலையை ராமேஸ்வரம் தீவும் ராமர் பாலத்து மணல்திட்டுகளும் மறித்துவிடும். அதனால் ஆனி, ஆடியில் முனையைப் பார்த்து ரோட்டில் நின்றால் வலது பக்கம் அலை அறையும், இடது பக்கம் தண்ணீர் அசையாது. ஐப்பசியில் வாடைக் காற்று கிளம்பியதும் அப்படியே தலைகீழ். பெண் கடல் பேயாட்டம் போடும், தெற்கு அடங்கிக் கிடக்கும். கரைவலை இழுக்கிறவர்கள்கூட அதற்கேற்பப் பக்கம் மாறிக்கொள்வார்கள்.

முனையும் ஒரே மாதிரி இருக்காது. 2017இல் தார் ரோடு வருவதற்கு முன் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலில் வேன் ஓட்டியவன் நான். போன வாரம் போன தடத்தில் இந்த வாரம் முழங்கால் தண்ணீர் நிற்கும். இரண்டு கடலும் கொண்டுவந்து போட்ட மணல்தானே! இப்போதும் ரோடு முடிந்ததும் நுனிவரை நடந்துபோய், ஒரு கால் இந்தக் கடலில், ஒரு கால் அந்தக் கடலில் என்று போட்டோ எடுக்கிறார்கள். நீரோட்டம் முட்டிக்கொள்ளும் இடம் அது. “நீச்சல் தெரியும்ணே” என்பார்கள். எனக்கும்தான் தெரியும், நான் இறங்குவதில்லை.

எந்த மாதம் எந்தப் பக்கம் என்று வரும் ஞாயிறே ஒரு திருத்தம் போட்டால் நல்லது. ஐப்பசி பிறக்கப் போகிறது, தீபாவளிக் கூட்டம் வந்துவிடும்.

இப்படிக்கு,
சுற்றுலா வேன் ஓட்டுநர், பாம்பன்