கேள்விக்கு ஐந்தே நிமிடமா?

ஐயா,

டெல்டா பல்கலைக்கழகம் ஒன்றில் நடந்த மெய்யியல் சொற்பொழிவுக்குக் கும்பகோணத்திலிருந்து பஸ் பிடித்துப் போயிருந்தேன். பேச்சு அருமை. ஆனால் வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு என்று முக்கால் மணி நேரம் கரைந்தது. கேள்விக்கு ஐந்தே நிமிடம். பின்வரிசை மாணவி ஒருவர் தூக்கிய கையை இறக்கவில்லை. அதற்குள் நன்றியுரை!

வெளியே டீக்கடையில்தான் அவர் கேள்வி காதில் விழுந்தது. கண்ணால் காணாததை அனுமானத்தை வைத்து மட்டும் நம்பலாமா? கண்ணால் கண்டதை மட்டுமே நம்பிய பழைய இந்தியத் தத்துவவாதிகளான சார்வாகர் கேட்ட அதே கேள்வி. டீ ஆறியும் பேச்சு ஓயவில்லை.

புகார் நகரில் இந்திர விழாவுக்கு முரசறையும்போதே, சமயவாதிகளைப் பட்டிமண்டபம் ஏறி வாதிட அழைத்ததாக மணிமேகலை சொல்கிறது. நாமோ பொன்னாடை போர்த்துகிறோம். பேச்சு அரை மணி, விவாதம் ஒரு மணி என்று வைக்கட்டும். சனிக்கிழமை மாலை என்றால் வெளியாட்களும் வருவோம்.

- ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்